மாரிக் கூதலுக்குக் கோழிக்கூட்டை முழுசா மூடலாமோ?

புளியங்குளம்:
ஊர்க்கோழி 12, மூண்டு கிழமைக் குஞ்சு 20. மழை தொடங்கினதிலயிருந்து நாலு பக்கமும் தறப்பாள் கட்டிக்கிடக்கு. எண்டாலும் உமி நசநசவெண்டு கிடக்கு, ரெண்டு பேட்டுக்கு மூக்கொழுகுது, குஞ்சுகள் மூலைக்குள்ள குவியுது. இன்னும் எதை மூட?

மாங்குளம்:
மூடினதுதான் பிழை. மூச்சிலயும் எச்சத்திலயும் வாற ஈரம் வெளியால போக வழியில்லை. இப்ப காத்து வடகிழக்கால அடிக்கும். வடக்கு, கிழக்குப் பக்கத்தை அடியிலயிருந்து முடி வரை கட்டுங்கோ. மற்ற ரெண்டிலயும் கூரைக்குக் கீழ ஒரு சாண் திறந்திருக்கட்டும். கோழியின்ர தலைக்கு மேலால காத்துப் போகோணும், முதுகில படக்கூடாது. 2022 டிசம்பரில மாண்டஸ் புயலோட வந்த கூதலில இலங்கையின்ர வடக்கு, கிழக்கு மாகாணங்களில எத்தனை மாடு, ஆடு செத்தது! நனைஞ்ச உடம்பில காத்துப் பட்டால் அதுதான்.

கூட்டுக்குள்ள குந்தியிருந்து மணந்து பாருங்கோ. கண் எரிஞ்சால் அமோனியா, எச்சத்திலயிருந்து கிளம்பிற வாயு. மூக்கொழுக அதுவும் ஒரு காரணம். எண்டாலும் அந்த ரெண்டு பேட்டையும் வேறாக்குங்கோ. உமியை ஒரு பிடி அள்ளிப் பொத்துங்கோ: விரிக்க உதிர்ந்தால் நல்லது, கட்டியா நிண்டால் அள்ளிக் கொட்டிப்போட்டு 3–4 அங்குலத்துக்குப் புதுசு போடுங்கோ. தண்ணிப் பாத்திரத்தைக் கல்லுக்கு மேல வையுங்கோ.

ஒட்டுசுட்டான்:
குஞ்சு மூலையில குவிஞ்சால் அடியில கிடக்கிறது மூச்சடைச்சுச் சாகும். மட்டைப்பெட்டியை வெட்டி ஒண்டரை அடி உயரத்துக்கு வட்டமா வளையுங்கோ, மூலையே இருக்காது. 60 வாட் இழை பல்ப் ஒண்டை ஒண்டரை அடி மேல, கம்பியில தொங்கவிடுங்கோ. வயரில தொங்கவிட்டால் அறுந்து உமி பத்தும். எல்இடி வெளிச்சத்துக்குத்தான், சூட்டுக்கு உதவாது. குஞ்சுகள் பல்புக்குக் கீழ நெருங்கினால் குளிர், ஓரத்துக்கு ஓடினால் சூடு, ஒரே பக்கம் ஒதுங்கினால் எங்கயோ காத்துப் புகுது.

புளியங்குளம்:
கரண்ட் நிண்டால் கரிச்சட்டி வைக்கலாமோ?

ஒட்டுசுட்டான்:
வேண்டாம், புகை தெரியாமலே கொல்லும். போத்தலில சுடுதண்ணி விட்டு, சாக்கால சுத்தி நடுவில வையுங்கோ. ஆறினவுடன மாத்தோணும்.

மாங்குளம்:
பெரிய கோழிகளுக்குப் பின்னேரம் கூட்டில அடைக்க முதல் கொஞ்சம் உடைச்ச சோளம் போடுங்கோ. இரவில செமிக்கிற சூடு உடம்புக்கு உதவும். குஞ்சின்ர எச்சத்தில ரத்தம் கண்டால் அது கூதலில்லை, ஈர உமியில பெருகிற ஒட்டுண்ணியால வாற குடல் நோய், கொக்சிடியோசிஸ். மிருக வைத்தியரைக் கேட்டு, அதுக்கான மருந்து அம்புரோலியத்தைத் தண்ணியில கலந்து குடுங்கோ. அந்த நாட்களில மருந்துத் தண்ணியைத் தவிர வேற தண்ணி வைக்கக்கூடாது. விற்றமின் பி1 கலவையும் சேர்க்காதேங்கோ, மருந்தின்ர வேலை குறையும்.