டிபி குணமான பிறகும் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, வழி சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு வயது 56, ஈரோடு பக்கம் விசைத்தறி ஓட்டியவர். 2022இல் காசநோய் வந்து, ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். சளியில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்றார்கள். ஆனால் இன்றும் பத்துப் படி ஏறினால் நின்றுவிடுகிறார். காலையில் அரை டம்ளர் அளவுக்குச் சளி வருகிறது.

சிடி ஸ்கேனில் வலது நுரையீரலின் மேல் பகுதியில் தழும்பு, மூச்சுக்குழாய்கள் விரிந்து போயிருக்கின்றன என்று வந்தது. போன மாதம் ஓரிடத்தில் எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துவிட்டு மறுபடியும் டிபி மாத்திரை ஆரம்பிக்கச் சொன்னார்கள். பழைய தழும்பு எக்ஸ்ரேயில் அப்படியேதான் தெரியும் என்பதால், சளிப் பரிசோதனை செய்யாமல் நாங்கள் சம்மதிக்கவில்லை. அப்புறம் வேறு இடத்தில் செய்ததில் கிருமி இல்லை.

இதைவிட வலிப்பது, சொந்தக்காரர்கள் இன்னும் அவருக்குத் தனி டம்ளர் வைப்பதுதான். அவரிடமிருந்து யாருக்கும் தொற்றாது என்று எத்தனை முறை சொல்வது?

இதே நிலையில் இருப்பவர்கள், தயவுசெய்து சொல்லுங்கள். சளியை வெளியேற்ற வீட்டில் என்ன பயிற்சி செய்கிறீர்கள்? எந்த அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட் நேரில் கற்றுத் தருகிறார்? பஞ்சுத் தூசிக்குத் திரும்ப அனுப்ப மனமில்லை. உட்கார்ந்து செய்யும் வேலை ஏதாவது தெரிந்தாலும் சொல்லுங்கள். இரண்டு தடவை சளியில் லேசாக ரத்தம் வந்தது, டாக்டரிடம் காட்டிவிட்டோம். அப்படி வந்தவர்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?