புதுப்பிப்பு: மலை இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு வரும்போது குலுக்கல் – சரியாகிவிட்டது

கொல்லிமலை இறக்கத்தில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு வந்து கிளட்ச்சை விட்டதும் வண்டி குலுங்குகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டச் சொன்ன யோசனைதான். கிளட்ச்சை மிதித்து, இரண்டில் போட்டு, விடும் முன் ஒரு சின்னத் தட்டு. என் வண்டியில் மூன்றில் 2000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) என்றால் அதே வேகத்துக்கு இரண்டில் ஏறக்குறைய 3000 வேண்டும். எஞ்சின் முன்கூட்டியே அங்கே போய்விட்டால், சக்கரம் அதை வெடுக்கென்று இழுக்க வேண்டியதில்லை. ஆர்பிஎம் முள் 3000-ஐத் தாண்டி இறங்கத் தொடங்கும் நேரத்தில் கிளட்ச்சை விட்டால் கியர் மாறியதே தெரியாது.

கிளட்ச் பிளேட்டை மாற்றச் சொன்னவர்களுக்கு: மெக்கானிக் ஓட்டிப் பார்த்து ஸ்லிப் (பிளேட் பிடிக்காமல் வழுக்குவது) இல்லை என்றார், மாற்றவில்லை. டபுள் கிளட்ச்சும் (நியூட்ரலில் ஒரு முறை கிளட்ச்சை விட்டு, மறுபடி மிதித்து கியர் போடுவது) செய்து பார்த்தேன். கியர்களின் வேகத்தைத் தானே சமமாக்கும் சின்க்ரோமெஷ் இருக்கும் கியர்பாக்ஸுக்கு அது தேவைப்படவில்லை.

எதிர்பாராத விஷயம், ரேஸில் செய்யும் ஹீல் அண்ட் டோ, அதாவது ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிப்பது. என் வண்டியில் பிரேக் பெடல் ஆக்சிலரேட்டரைவிட உயரம். பிரேக்கை அழுத்தி மிதித்தால்தான் இரண்டும் சமமாகும். டிராக்கில் சரி, பின்னால் பஸ் வரும் மலைப்பாதையில் வேண்டவே வேண்டாம். அதனால் வளைவுக்கு முன்பே பிரேக், அப்புறம் கியர், பிறகுதான் ஸ்டீயரிங். 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி அடிவாரத்தில் காரவள்ளி வந்தபோது பிரேக் சூடான வாடையே இல்லை. ஒன்றாம் கியருக்கு மட்டும், வண்டி நன்றாக மெதுவான பிறகே வருகிறேன்.