தரையில் பதிக்கும் க்ளீனிங் சிஸ்டமா, ரோபோவா? கான்கிரீட் போடும் முன் முடிவெடுக்க வேண்டும்

கேள்வி (புதுக்குளம்)

வீட்டுக்கு நீச்சல் குளம் கட்டுகிறோம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் 1.2 மீட்டரில் தொடங்கி 1.8 வரை. கான்கிரீட் ஷெல், மேலே பிளாஸ்டர். கம்பி கட்டும் வேலை தொடங்கப்போகிறது. தரையில் 12 பாப்-அப் ஹெட் (தண்ணீர் அழுத்தத்தில் மேலெழுந்து பீய்ச்சும் முனை), அவற்றுக்கு முறைவைத்துத் தண்ணீரைப் பிரித்துவிடும் ஆறு வழி வால்வு ஒன்று பதித்துவிட்டால் குளத்தில் கையே வைக்க வேண்டாம் என்கிறார் காண்ட்ராக்டர். பம்ப் வேரியபிள் ஸ்பீடு, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

அவர் சொல்வது உண்மையா? ரோபோ க்ளீனர் ஒன்றே போதாதா? பதிப்பதென்றால் அவரிடம் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

மறுமொழி (பைப்லைன்)

கையே வைக்க வேண்டாம் என்பது மட்டும் சரியில்லை. மற்றபடி ஒழுங்காக வடிவமைத்தால் நல்ல சிஸ்டம்தான். கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் ஹெட் அல்ல, தண்ணீர்க் கணக்கு.

உங்கள் குளத்தின் சராசரி ஆழம் 1.5 மீட்டர், ஆக 48,000 லிட்டர். வெறும் ஃபில்டருக்கு என்றால் 8 மணி நேரத்தில் ஒரு சுற்று, நிமிடத்துக்கு 100 லிட்டர் போதும். ஆனால் 12 ஹெட்டை ஆறு வழியாகப் பிரித்தால் ஒரே நேரத்தில் இரண்டு ஹெட் எழ வேண்டும். ஒரு ஹெட்டுக்கு 80 லிட்டர் என்று வைத்தாலும் நிமிடத்துக்கு 160, அதாவது மணிக்கு 9.6 கன மீட்டர். ஃபில்டர், ஹீட்டர், வால்வு எல்லாவற்றின் தடையையும் தாண்டி அவ்வளவு தண்ணீர் ஹெட்டுக்கு வந்து சேர வேண்டும். அந்த ஓட்டம் 2 அங்குலக் குழாயில் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் அமைதியாகப் போகும். ஒன்றரை அங்குலத்தில் 2 மீட்டர் தாண்டிவிடும், அழுத்தம் வழியிலேயே கரையும். ஆகவே பம்பிலிருந்து வால்வு வரைக்கும், வால்விலிருந்து ஹெட்கள் பிரிகிற இடம் வரைக்கும் 2 அங்குலமே கேளுங்கள்.

காண்ட்ராக்டரிடம் மூன்று தாள் வாங்குங்கள். எந்த ஹெட் எந்த வழியில் என்ற வரைபடம், ஒவ்வொரு ஹெட்டும் எத்தனை மீட்டர் தூரம்வரை துடைக்கும் என்று வட்டம் போட்ட தரைப்படம், அந்த ஹெட் மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த ஓட்ட அட்டவணை. வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். இல்லையென்றால் இடைவெளியில் மணல் மேடு கட்டும், அதைப் பிறகு சரிசெய்ய வழியே கிடையாது.

மறுமொழி (ரோபோ பக்கம்)

மின்சாரக் கணக்கையும் போட்டுவிடுங்கள். வேரியபிள் ஸ்பீடு பம்பில் வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் அந்த மெதுவான ஓட்டத்தில் ஹெட் எழாது. ஹெட்டுக்காகத் தினமும் 3 மணி நேரம் 1,500 வாட்டில் ஓட்டினால் 4.5 யூனிட். 150 வாட் ரோபோ இரண்டரை மணி நேரம் ஓடினால் அரை யூனிட்டுக்கும் கீழே.

அதைவிடப் பெரிய விஷயம் சுவர். தரை ஹெட் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியைத் தள்ளுமே தவிர எதையும் தேய்க்காது. தண்ணீர் மட்டக் கோடு, படிக்கட்டின் உள்மூலை, பெஞ்சின் அடிப்பக்கம், ஏணிக்குப் பின்னால், இங்கெல்லாம் பாசி பிடித்தால் பிரஷ்தான். ரோபோவில் பிரஷ் உருளை உண்டு, சுவர் ஏறும், குப்பையைத் தன் கூடையிலேயே வைத்துக்கொள்ளும், உங்கள் ஃபில்டருக்குச் சுமை இல்லை. கெட்டுப்போனால் எடுத்து மாற்றிவிடலாம், கான்கிரீட்டை உடைக்க வேண்டியதில்லை. குறை என்றால் யாராவது இறக்கி ஏற்ற வேண்டும், கூடையைக் கழுவ வேண்டும், கேபிள் முறுக்கிக்கொள்ளும்.

தரை சிஸ்டத்துக்கு ஒரு நிஜமான நன்மை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சூடான நீரும் குளோரினும் அடியிலிருந்து வருவதால் குளம் முழுக்கச் சீராகக் கலக்கும். ஹீட்டர் வைக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

புதுக்குளம்

ஹீட்டர் வைக்கிறோம். பெரிய மரம் எதுவும் அருகில் இல்லை, பொடித்தூசிதான் அதிகம். பதிப்பது என்று முடிவெடுத்தால் வேலை நடக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? பின்னால் கோளாறு வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுமொழி (பைப்லைன்)

பொடித்தூசி என்றால் தரை சிஸ்டத்துக்குச் சாதகம்தான். ஹெட் கிளப்பிவிடும், ஃபில்டர் பிடிக்கும். இலைக்கு மெயின் டிரெயினில் (தரையிலுள்ள உறிஞ்சு வாய்) குப்பைக் கூடை தனியாக வேண்டியிருக்கும்.

கான்கிரீட்டுக்கு முன் எல்லா வழியையும் அடைத்து அழுத்தம் ஏற்றுங்கள், கான்கிரீட் போட்டு முடிகிறவரை ப்ரெஷர் கேஜ் குழாயிலேயே இருக்கட்டும். முள் இறங்கினால் அப்போதே நிறுத்தித் தேட முடியும். ஹெட் உட்காரும் காலர் பிளாஸ்டர் மட்டத்துக்குச் சரியாக வர வேண்டும். தாழ்ந்தால் பள்ளத்தில் மணல் தங்கி ஹெட்டைப் பிடிக்கும், உயர்ந்தால் காலில் இடிக்கும். பிளாஸ்டர் நாளில் காலரெல்லாம் மூடியிருக்க வேண்டும். தண்ணீர் நிரப்பியதும் ஹெட் மாட்டாமல் வழி வழியாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். இந்த ஒரு வேலையை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள், குழாயில் கிடக்கும் சிமெண்ட் துணுக்கு முதல் வாரமே வால்வின் பற்சக்கரத்தில் போய்ச் சிக்கும்.

மெயின் டிரெயின் ஒற்றையாக வேண்டாம். 90 செ.மீ.க்குக் குறையாத இடைவெளியில் இரண்டு, உடலையோ முடியையோ இழுத்துப் பிடிக்காத மூடியுடன். க்ளீனிங் நேரத்தில் உறிஞ்சலின் பெரும்பங்கு டிரெயினுக்குப் போக வேண்டும், மேல்மட்டத்து நீரை உறிஞ்சும் ஸ்கிம்மருக்கே திறந்துவைத்தால் தள்ளிய தூசி அடியிலேயே கிடக்கும்.

கோளாறு பார்க்க, பம்பை முழு வேகத்தில் வைத்து ஒரு சுற்று முழுவதும் கரையில் நின்று பாருங்கள்.

எல்லா ஹெட்டும் சோம்பலாக எழுந்தால் டிரெயின் கூடை, பம்ப் கூடை, பிறகு ஃபில்டர். சுத்தமான நிலையைவிட கேஜ் 0.6 பார் அளவு கூடியிருந்தால் பேக்வாஷ், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது.

ஒரே வழி நிற்காமல் ஓடி மற்றவை எழாவிட்டால் வால்வின் பற்சக்கரம் நின்றுவிட்டது. பம்பை அணைத்து, அழுத்தம் இறங்கியபின் மூடியைத் திறந்து, சல்லடையையும் சக்கரங்களையும் கழுவுங்கள். பல் தேய்ந்திருந்தால் உள்பாகத்தை மொத்தமாக மாற்ற வேண்டும். மூடும்போது ஓ-ரிங்குக்கு சிலிகோன் கிரீஸ்தான், வாசலின் ரப்பரை ஊத வைத்துவிடும்.

ஒரு வழியில் இரண்டு ஹெட்டும் எழாமல் மற்ற வழிகள் சரியாக இருந்தால் அந்தக் குழாயில் கசிவு இருக்கலாம், அதை மட்டும் அழுத்தம் ஏற்றிப் பாருங்கள். ஒரு ஹெட் மட்டும் மேலேயே நின்றால் மணல். அதற்கென்று வரும் நீளக் கம்பில் திருகி எடுத்துக் கழுவினால் போதும். எழுகிறது, ஆனால் ஒரே திசையில் பீய்ச்சுகிறது என்றால் திருப்பும் பல் தேய்ந்துவிட்டது, ஹெட்டை மாற்றுங்கள்.

ஹெட் ஒவ்வொரு முறை எழுந்து அடங்கும்போதும் கொஞ்சம்தான் திரும்பும். ஆகவே தினம் அரை மணி ஓட்டுவதில் பயனில்லை, வட்டமே முடியாது.

மறுமொழி (ரோபோ பக்கம்)

ஹீட்டரும் பொடித்தூசியும் என்றால் நானும் பதிக்கச் சொல்வேன். வால்வை மட்டும் மண்ணுக்குள் புதைக்க விடாதீர்கள். பம்ப் அறையில், மூடியைத் திறந்து கைவைக்க இடம் விட்டு வைக்கச் சொல்லுங்கள்.

புதுக்குளம்

வரைபடமும் ஓட்ட அட்டவணையும் கேட்டிருக்கிறேன். அவர் போட்டிருப்பது ஒன்றரை அங்குலக் குழாய். மாற்றித்தந்தால்தான் கம்பி வேலை தொடங்கும் என்று சொல்லிவிட்டேன்.