காண்டர்ஸ்டெக்கில் மலைநடை: அம்மா அப்பாவோடு எந்தப் பாதையில் போகலாம்?

சூரிக்வாசி
வணக்கம். ஜூலை கடைசியில் அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். எல்லோரும் யுங்ஃபிரா பனிமலைக்குக் கூட்டிப் போகத்தான் சொல்கிறார்கள், ஆனால் ரெயிலில் மேலே போய்ப் படம் எடுத்துக்கொண்டு இறங்குவதில் அப்பாவுக்கு ஆர்வமே இல்லை. அவருக்கு நடக்க வேண்டும். அழகர்கோவிலுக்குப் போனால் நூபுர கங்கை வரை நடந்தே ஏறுகிறவர், இப்போதும் ஏற்றம் அவருக்குப் பிரச்சினை இல்லை, இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கிறது. அம்மா மெதுவாக நடப்பார், ஆனால் மூன்று நான்கு மணி நேரம் நடக்கச் சொன்னாலும் நடப்பார். கூடவே என் ஏழு வயது மகன், ஓரிடத்தில் நிற்கமாட்டான்.

சுவிஸ் மலையூரான காண்டர்ஸ்டெக்கில் இரண்டு இரவு தங்க அறை போட்டாகிவிட்டது. ஓஷினன் ஏரிக்கு மேலே சுற்றிவரும் ஹொய்பெர்க் பாதை எட்டு கிலோமீட்டர்தான், சுலபம் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அதை நம்பலாமா? கெம்மி கணவாய் பக்கமும் போகலாம் என்கிறார்கள். போய்ப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தூன்_ஏரிக்கரை
தங்கச்சி, கிலோமீட்டரைப் பார்த்துப் பாதையைத் தெரிவு செய்யாதீங்கோ. இங்கே பார்க்க வேண்டியது நிறம். மஞ்சள் பலகையும் மஞ்சள் சாய்சதுரமும் மட்டும் இருந்தால் அது சாதாரண நடைபாதை, யாரும் போகலாம். பலகையின் நுனியில் வெள்ளை-சிவப்பு-வெள்ளை இருந்தால், கல்லிலும் மரத்திலும் அதே கோடு பூசியிருந்தால், அது மலைப்பாதை. செங்குத்தாக இருக்கும், ஒடுக்கமாக இருக்கும், ஒரு பக்கம் பள்ளமாகவும் இருக்கலாம். வெள்ளை-நீலம்-வெள்ளை என்றால் பழக்கப்பட்ட ஆட்களுக்கு மட்டும். சுவிஸ் முழுக்க ஒரே முறைதான், அதனால் ஒருதரம் படித்தால் போதும். பலகையில் போட்டிருக்கும் நேரம் சும்மா நிற்காமல் நடக்கிற ஆளுக்கான கணக்கு, ஓய்வு நேரம் அதில் சேராது. அம்மாவோடு போகும்போது அரை மடங்கு கூட்டிக்கொள்ளுங்கோ.

ஹொய்பெர்க் பாதை வெள்ளை-சிவப்பு-வெள்ளை. அழகில் குறையே இல்லை, மேலே நின்று பார்த்தால் ஏரி முழுவதும் காலடியில் கிடக்கும், எதிரே ப்ளூம்லிஸ்ஆல்ப் பனிமலை. ஆனால் சில இடங்களில் பாதைக்கு அடுத்த அடியே பள்ளம். அதோடு பாதையில் வரும் ஓபர்பெர்க்லி என்ற மேய்ச்சல் இடத்திலிருந்து ஏரிக்கு இறங்குவது ஏறத்தாழ நானூறு மீட்டர், அப்பாவின் முழங்காலுக்கு அதுதான் தண்டனை. நிற்காமல் ஓடுகிற ஏழு வயதுப் பிள்ளையை நான் அந்தப் பாதைக்குக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன்.

ஏரிக்கு மட்டும் போங்கோ. கொண்டோலாவில் (கம்பியில் தொங்கிப் போகும் பெட்டி) ஏறினால் மேல் நிலையத்திலிருந்து அரை மணி நேரம் நடை, நல்ல அகலமான பாதை. ஏரி 1,578 மீட்டர் உயரத்தில். முன்னொரு காலத்தில் மலை சரிந்து பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டான ஏரி அது, தண்ணீர் மேலே வழிந்து ஓடாமல் நிலத்துக்கு அடியால்தான் வெளியே போகிறது.

அந்தச் சரிவுக் கதை இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏரிக்குத் தெற்கே ஸ்பிட்ஸ ஸ்டைன் என்ற பாறைமுகடு நகர்ந்துகொண்டிருக்கிறது. உள்ளே நிரந்தரமாக உறைந்து கிடந்த பனி இளகுவது அதற்கு ஒரு காரணம். 2018 முதல் கருவிகள் வைத்துக் கண்காணிக்கிறார்கள், அந்தப் பக்கத்தில் சில பாதைகளை மூடியும் வைத்திருக்கிறார்கள். மூடிய பாதையில் கயிறோ பலகையோ இருந்தால் அதைத் தாண்டி ஒரு அடி வைக்காதீங்கோ, முன்னால் பத்துப் பேர் போனாலும் சரி. மலைக்கு அந்தப் பக்கம் லோட்ஷன்டால் பள்ளத்தாக்கில் பிளாட்டன் கிராமத்துக்கு 2025 மே 28 அன்று என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். பனியாறும் பாறையும் சேர்ந்து வந்து ஊரின் பெரும்பகுதியை மூடிவிட்டது. சில நாள் முன்பே சனத்தை வெளியேற்றியதால்தான் ஊர்ச் சனம் தப்பியது. இங்கே ஒரு பாதையை மூடுகிறார்கள் என்றால் காரணம் இருக்கும்.

பேர்ன்_தமிழன்
அண்ணா சொன்னது சரி. அப்பாவுக்கு இறக்கம்தான் பிரச்சினை என்றால் எனக்குக் கெம்மி தவிர வேறு எதுவும் தோன்றவில்லை, ஏனென்றால் அங்கே இறங்கவே வேண்டாம்.

ஸ்டேஷனிலிருந்து ஊர் பஸ்ஸில் பள்ளத்தாக்கின் கடைசிக்குப் போய், அங்கிருந்து கேபிள் காரில் சுன்புயெல். அதுவே 1,900 மீட்டருக்கு மேல். முதல் ஒரு மணி நேரம் ஸ்பிட்டல்மட்டே என்ற மேய்ச்சல் வெளியில் ஏறக்குறைய சமதளம், பையனை ஓட விடலாம். இடது பக்கம் வழுவழுவென்று சாய்ந்த பாறைப்பலகையோடு நிற்பது ஆல்டெல்ஸ். 1895 செப்டம்பரில் அதன் மேலிருந்த பனியாறு பெயர்ந்து இதே மேய்ச்சல் வெளியில் விழுந்தது, ஆறு பேரும் ஏராளமான மாடுகளும் இறந்தார்கள். அந்த வெளியில் நின்றுகொண்டு மேலே அந்தச் சரிவைப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று புரியும். அப்பாவிடம் அங்கே வைத்துச் சொல்லுங்கள், கேட்பார்.

அப்புறம் கொஞ்சம் ஏற்றம், ஷ்வாரன்பாக் விடுதி வரும். பேர்ன், வாலிஸ் மாநிலங்களுக்கு இடையே கெம்மி வழியாகப் போய்வந்த காலத்தில் சுங்கச் சாவடியாக இருந்த வீடு அது. சூப், ரொட்டி, சீஸ், உருளைக்கிழங்கு ரோஸ்டி கிடைக்கும். அம்மா சைவம் என்றால் ரோஸ்டியில் பன்றி இறைச்சித் துண்டு வேண்டாம் என்று ஆர்டர் செய்யும்போதே சொல்லிவிடுங்கள். நான் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டுதான் போவேன், வெளியில் பாறை மேல் உட்கார்ந்து சாப்பிட நிறைய இடம் இருக்கிறது.

அங்கிருந்து டௌபன் ஏரி. கரையோரமாகவே போகும் பாதை, புல் குறைந்து கல்லும் காற்றுமாக மாறிவிடும், ஜூலையிலும் ஜாக்கெட் தேவைப்படும். ஏரி முடிந்ததும் கணவாய், சுமார் 2,300 மீட்டர். திடீரென்று தரை முடிந்து கீழே லொய்க்கர்பாட் ஊர் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் தெற்கே வாலிஸ் மலைகள் வரிசையாக நிற்கும். அந்தப் பாறைச்சுவரில் வெட்டிய பழைய பாதை ஒன்று கீழே போகிறது, தொள்ளாயிரம் மீட்டர் இறக்கம், அது உங்களுக்கு வேண்டாம். கேபிள் காரில் இறங்குங்கள். பிறகு பஸ்ஸில் லொய்க், அங்கிருந்து பிரிக், பிரிக்கிலிருந்து பழைய லோட்ஷ்பெர்க் பாதையில் காண்டர்ஸ்டெக். 1913இல் திறந்த பாதை, சுரங்கத்துக்கு முன்னால் ரோன் பள்ளத்தாக்கின் சுவரோரமாக ஏறிவரும் பகுதிக்காகவே அந்த ரெயிலில் போகலாம். சுற்றுதான், ஆனால் முழங்காலுக்கு வேலையே இல்லை.

நிதானமாகப் போனால் நடை மட்டும் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பார்த்துவிடுங்கள். ஹால்ப்டாக்ஸ் (அரைக் கட்டண அட்டை) இருந்தால் கேபிள் காருக்கும் குறையுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைமுகடு
ஹொய்பெர்க் பற்றி இவ்வளவு பயமுறுத்தத் தேவையில்லை என்று நினைக்கிறேன். காய்ந்த நாளில், பையன் சொன்ன பேச்சைக் கேட்பவனாக இருந்தால், கையைப் பிடித்துக்கொண்டு போகலாம். நிறைய குடும்பங்கள் போகின்றன. மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், அந்த மண் வழுக்கும்.

தூன்_ஏரிக்கரை
சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்றால் சரி தம்பி. நிற்கமாட்டான் என்று தாயே எழுதியிருக்கிறா. அதுவும் அந்த ஒடுக்கத்தில் எதிரே ஆட்கள் வரும்போது யார் உள்பக்கம், யார் வெளிப்பக்கம் என்று தடுமாறுவார்கள். நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

சூரிக்வாசி
ரொம்ப நன்றி. அப்போ ஒரு நாள் ஏரி, ஒரு நாள் கெம்மி என்று முடிவு செய்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. அம்மாவிடம் நடைக்கு என்று தனி ஷூ இல்லை, ஊரில் போடும் ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? அப்புறம் வழியில் மாடுகள் இருக்கும் என்கிறார்கள், அம்மாவுக்கு மாட்டைக் கண்டால் தொட்டுக் கும்பிடாமல் இருக்க முடியாது.

தூன்_ஏரிக்கரை
அடியில் நல்ல பல் இருக்கிற சப்பாத்து வேணும். தேய்ந்த அடி என்றால் ஏரிப் பாதைக்குச் சரி, கெம்மிக்கு வேண்டாம். கணுக்காலை மூடும் சப்பாத்து ஒன்று வாங்கிக் கொடுங்கோ, இரண்டு மூன்று நாள் வீட்டைச் சுற்றி நடந்து பழகட்டும். அப்பாவுக்கு மடக்கு ஊன்றுகோல் ஒரு சோடி, ஏரியிலிருந்து திரும்பி வரும்போதும் உதவும்.

மாட்டைத் தொட வேண்டாம் என்று அம்மாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கோ. மேலே கன்றோடு நிற்கிற பசு ஊர்ப் பசு இல்லை, கன்றுக்குக் கிட்டப் போனால் துரத்தும். தள்ளி நின்று கும்பிட்டுக்கொள்ளட்டும். பாதைக்குக் குறுக்கே மின்கம்பி கட்டியிருப்பார்கள், நுனியில் பிளாஸ்டிக் பிடி இருக்கும். அந்தப் பிடியை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, எல்லோரும் தாண்டிய பிறகு திரும்ப மாட்டிவிட வேணும். ஜூலை கடைசி ஞாயிறு என்றால் டௌபன் ஏரிக் கரையில் இடையர் திருவிழா இருக்கும், ஆடுகள் நிறைய வரும், பிள்ளைக்குப் பிடிக்கும். ஆனால் சனமும் கூட.

பேர்ன்_தமிழன்
வானிலை பற்றி ஒன்று. ஜூலையில் காலை பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்கு மேல் இடி. கெம்மி நாளில் முதல் கேபிள் கார்களில் ஒன்றைப் பிடித்தால் டௌபன் ஏரியை மத்தியானத்துக்கு முன் தாண்டிவிடலாம், அங்கே ஒதுங்க மரம்கூடக் கிடையாது. போனில் சுவிஸ்டோப்போ ஆப்பில் வரைபடத்தை இறக்கி வையுங்கள், ரேகா மீட்பு ஹெலிகாப்டர் எண் 1414ஐயும் போட்டு வையுங்கள்.

இரண்டு நாளில் ஒரு நாள் மழை என்றால் கெம்மியை விட்டுவிடுங்கள். ஊருக்குள் காண்டர் ஆற்றங்கரையோரமாக மஞ்சள் பாதை இருக்கிறது, குடை பிடித்துக்கொண்டே நடக்கலாம். மழை நின்றுவிட்டால் காஸ்டர்ன்டால் பள்ளத்தாக்குக்குச் சின்ன பஸ் போகிறது, பாறையைக் குடைந்த ஒடுக்கமான சாலையில். இடம் குறைவு, முன்பதிவு இல்லாமல் நிற்காதீர்கள். செல்டனில் இறங்கி ஆற்றோரமாக முடிந்த தூரம் நடந்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பலாம். இரண்டு பக்கமும் அருவி, நடை அதிகம் சமதளம்தான். அப்பாவுக்கு எப்படி இருந்தது என்று வந்து எழுதுங்கள்.