டீசல் கெப்புக்குள் புகை மணம்: இன்ஜெக்டர் வொஷரா, டேர்போ கெஸ்கட்டா?

வணக்கம். டேர்போ டீசல் டபுள் கெப் ஒன்றுக்கு உங்கள் ஆலோசனை தேவை. மரக்கறி லோடோடு நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது, ஹீட்டர் புளோவரை வெளிக்காற்றில் வைத்தால் புகை மணம் உள்ளே வருகிறது. உள்காற்றுக்கு மாற்றினால் குறைகிறது. ஆகவே பொனட்டுக்குள்ளேதான் கசிவு என்று நினைக்கிறேன். பின்பக்கப் புகை என்றால் பின் கண்ணாடியைத் திறந்ததும் கூடும். இங்கே மாற்றமே இல்லை. கதவு ரப்பர்களில் கடதாசி வைத்து மூடி இழுத்தும் பார்த்தாயிற்று, இறுக்கமாகவே இருக்கின்றன.

எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில் மூன்றாவதைச் சுற்றி தார் போல கறுப்பாக இறுகியிருக்கிறது. குளிர் ஸ்டார்ட்டில் 'சஃப் சஃப்' என்ற சத்தம். சோப்புத் தண்ணீர் விட்டால் அங்கேயே குமிழி. இன்ஜெக்டரின் அடியில் கசிவை அடைக்கும் செம்பு வொஷர் போயிருக்க வேண்டும். ஆனால் புகை வெளியேறும் மெனிபோல்டும் டேர்போவும் கெஸ்கட் வைத்துச் சேரும் இடத்திலும் லேசான கரி இருக்கிறது. அது பழையதா, இப்போதும் கசிகிறதா?

கேட்க வேண்டியது இரண்டு. வொஷரை மாற்றும்போது அது அமரும் இடத்தையும் (சீட்) கட்டர் போட்டுச் சுத்தம் செய்யாவிட்டால் மறுபடி கசியுமே; ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் அந்தக் கட்டர் உள்ள கராஜ் எது? இறுகிய இன்ஜெக்டரை எஞ்சின் ஹெட்டைக் கழற்றாமல் எடுத்தவர்கள் என்ன முறையில் எடுத்தீர்கள்?

டீசல் புகையிலும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு உண்டு. இந்தக் குளிரில் கண்ணாடியை மூடிக்கொண்டு ஓட்டவேண்டியிருப்பதால், தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.