ரோஸ்பாக் போரும் தளபதி சைட்லிட்ஸும்

கேள்வி (தக்கலை):
உதயகிரிக் கோட்டையில், திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைமை தாங்கிய டச்சுக்காரர் டிலனாயின் கல்லறையைக் கண்டது முதல் அக்கால ஐரோப்பியப் படைத்தலைவர்களைப் பற்றி வாசித்து வருகிறேன். பிரஷ்ய (பழைய ஜெர்மானிய அரசு) குதிரைப்படைத் தளபதி சைட்லிட்ஸ் 36 வயதிலேயே மூத்தவர்களைத் தாண்டித் தலைமைக்கு வந்தது எவ்வாறு?

மறுமொழி (நாகர்கோவில்):
ஐயா, அரசர் இரண்டாம் பிரெடரிக் அவருடைய திறமையை அறிந்திருந்தார். ஆகவே 1757 நவம்பர் 5 அன்று ரோஸ்பாக்கில் 38 குதிரை அணிகளை அவரிடமே ஒப்படைத்தார். மேட்டு மறைவில் விரைந்து சென்ற சைட்லிட்ஸ், போர் வரிசைக்கு மாறாமல் நடந்து வந்துகொண்டிருந்த எதிரிகளான பிரெஞ்சு, ஜெர்மானியப் பேரரசுப் படைகள்மீது பாய்ந்தார். முதல் பாய்ச்சலில் சிதறிய தம் குதிரைப்படையை மீண்டும் ஒன்றுதிரட்டி, எதிரிக் காலாட்படையின் பக்கவாட்டில் இன்னொருமுறை தாக்கினாரே, அதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

மறுமொழி (குளச்சல்):
1758இல் ரஷ்யருடன் நடந்த சோர்ண்டோர்ஃப் போரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கும் நிலைமையை மீட்டது அவருடைய குதிரைப்படைதான். மறு ஆண்டே குனர்ஸ்டோர்ஃப் போரில் பலத்த காயமடைந்தார்.