பாட்டுக்கு மூலநிரல் எது?

நிரலைப் போல இசையையும் எல்லோருக்கும் திறந்து விடலாமா என்ற கேள்விக்கு என் பங்குக்கு நானும் சொல்கிறேன். பகலில் நிரல் எழுதுகிறேன், இரவில் கிட்டார் வாசிக்கிறேன். யாரும் எடுத்து மாற்றிப் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் நிரலை வெளியிடத் தயங்கியதே இல்லை. முதல் இசைத்துண்டை வெளியிடும்போது மட்டும் பயம். படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் கிரியேட்டிவ் காமன்ஸ் பொது உரிமங்களில் இருப்பதிலேயே இறுக்கமான உரிமத்தைப் போட்டேன்: பெயர் சொல்ல வேண்டும், வணிகம் கூடாது, மாற்றக் கூடாது.

சில மாதம் கழித்து ஒருவர், பறவைகளைப் பற்றித் தான் எடுத்த இலவசக் குறும்படத்தில் அதைப் பின்னணியாக வைக்கலாமா என்று கேட்டார். அந்த உரிமப்படி, ஒரு நொடிகூட வெட்டாவிட்டாலும், இசையைக் காட்சியோடு இணைப்பதே 'மாற்றம்'தான். எனக்கே அப்போதுதான் தெரிந்தது. தனியாக அனுமதி கொடுத்தேன். ஆனால் கேட்கத் தயங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ என்று மனசு அடித்துக்கொண்டது.

அடுத்ததை யாரும் மாற்றலாம், விற்கலாம், மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்று விட்டேன். கூடவே கிட்டார், பேஸ், தாளம் எல்லாவற்றையும் தனித்தனி டிராக்காகக் கொடுத்தேன். உள்ளிருப்பதைத் திறந்து பகிரும் திறமூலத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது. கலந்து முடித்த எம்பி3, கம்பைல் செய்த, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றிய நிரல் மாதிரி. கேட்கலாம், உள்ளே கை வைக்க முடியாது. ஜிபிஎல், மனிதர் எழுதித் திருத்தும் மூலநிரலைக் கொடுக்கச் சொல்கிறது; கிரியேட்டிவ் காமன்ஸ் டிராக்குகளைக் கேட்பதில்லை. 2006-ல் பிளெண்டர் என்ற திறமூல அனிமேஷன் மென்பொருளின் குழு 'எலிஃபன்ட்ஸ் ட்ரீம்' குறும்படத்தோடு தயாரிப்புக் கோப்புகளையும் தந்ததே, அதுதான் சரியான வழி.

அப்புறம் முகம் தெரியாத ஒருவர் என் வாசிப்பை முழுக்க எடுத்துவிட்டு, விரல் கம்பியில் உரசிய கீச்சொலியை மட்டும் வைத்துத் தாளம் கட்டியிருந்தார். நான் அழிக்கப் பார்த்து முடியாமல் விட்ட சத்தம் அது. அன்றிரவு அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

வலித்ததும் உண்டு. எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத ஒரு கடன் விளம்பரத்தில் அதே துண்டு வந்தது. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. என் பெயரை எடுக்கச் சொல்ல மட்டும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் 4.0 பதிப்பில் வழி உண்டு. சொன்னேன், எடுத்தார்கள். இசை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதனால்தான் அம்மா பாடிய தாலாட்டை வெளியிடும் முன் அவரிடமே கேட்டேன். “யார் வேணும்னாலும் பாடட்டும். என் குரலை வெட்டி ஒட்ட வேண்டாம்” என்றார். வரிகளும் மெட்டும் அவருடையவை. எழுதிப் பொதுவில் வைத்துவிட்டேன். பதிவு என்னிடமே இருக்கிறது.